கடன் முடிந்த பின்னும் ஓடட்டும் வண்டி

சரக்கு வண்டி வாங்கக் கடன் பெறும் வாடிக்கையாளர் பெரும்பாலும் இரண்டு கேள்விகளையே கேட்கிறார்: வட்டி எவ்வளவு? மாதத் தவணை எவ்வளவு? இவற்றோடு மூன்றாவதாக ஒரு கேள்வியையும் அவர் கேட்க வேண்டும் என்பது நமது கருத்து. கடைசித் தவணையைச் செலுத்திய பிறகு இந்த வண்டி இன்னும் எத்தனை ஆண்டுகள் ஓடும் என்பதே அது.

சிறு சரக்கு வண்டிக் கடன் பொதுவாக மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் முடிகிறது. அக்காலம் முழுவதும் வாடகையில் கணிசமான பங்கு தவணைக்கே போய்விடும். தவணை முடிந்த பின் வரும் வாடகையில் டீசல், ஓட்டுநர் கூலி, காப்பீடு, வரி, பழுதுபார்ப்பு ஆகியவை போக எஞ்சுவது முழுவதும் உரிமையாளருடையது. ஆகவே ஒரு வண்டியின் உண்மையான இலாபம் அதன் முதுமையில்தான் இருக்கிறது. அந்த முதுமை உழைக்கும் முதுமையா, பட்டறையில் படுத்துக் கிடக்கும் முதுமையா என்பதை முடிவு செய்பவை சில நூறு ரூபாய் விலையுள்ள வடிகட்டிகளும், உரிய காலத்தில் மாற்றிய எண்ணெயும், ஒரு வாளித் தண்ணீருமே.

2005ஆம் ஆண்டு சந்தைக்கு வந்த டாடா ஏஸ், 702 சி.சி. கொண்ட இரண்டு சிலிண்டர் டீசல் என்ஜினுடன் வந்தது. வடக்கே ‘சோட்டா ஹாத்தி’ என்றும், தமிழில் ‘குட்டி யானை’ என்றும் மக்கள் அதற்குச் செல்லப்பெயர் சூட்டினர். மகேந்திரா பொலேரோ பிக்கப், அசோக் லேலண்ட் தோஸ்த் போன்றவையும் நாடெங்கும் காய்கறிச் சந்தைகளிலும், பால் சேகரிப்பு நிலையங்களிலும், கட்டுமானப் பொருள் கடைகளிலும் நிற்கின்றன. இவற்றில் கடன் முடிந்து எட்டு, பத்து ஆண்டுகளைக் கடந்தவை ஏராளம். அவற்றின் உரிமையாளர்களை எண்ணியே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

காற்றும் எண்ணெயும் டீசலும்

என்ஜின் நலமாக இருக்க மூன்று பொருள்கள் தூய்மையாக அதன் உள்ளே செல்ல வேண்டும். அவை காற்று, என்ஜின் ஆயில், டீசல். ஒவ்வொன்றின் வாயிலிலும் ஒரு வடிகட்டி காவல் நிற்கிறது. பழைய வண்டியின் பராமரிப்பை இந்த மூன்று காவலர்களிடமிருந்து தொடங்குவதே முறை.

முதலாவது ஏர் ஃபில்டர். செங்கற்சூளை, கல் குவாரி, மண் சாலை, தானியச் சந்தை ஆகிய இடங்களில் ஓடும் வண்டியின் ஏர் ஃபில்டர், கையேட்டில் குறித்த கிலோமீட்டருக்கு முன்பே அடைபட்டுவிடும். காற்று குறைந்தால் டீசல் முழுமையாக எரியாது. வண்டி மேட்டில் திணறும், கரும்புகை வரும், ஒரு லிட்டருக்குக் கிடைக்கும் தூரம் குறையும். தாள் வகை வடிகட்டியைத் தண்ணீரில் கழுவக் கூடாது. தரையில் ஓங்கித் தட்டவும் கூடாது. மிதமான அழுத்தத்தில் உள்ளிருந்து வெளிப்புறமாகக் காற்றடித்துத் தூசியை நீக்கலாம். வெளியிலிருந்து உள்நோக்கி அடித்தால் தூசி தாளுக்குள் மேலும் ஆழமாகப் புகும். தாள் கிழிந்திருந்தாலோ, ஓரத்து ரப்பர் இறுகியிருந்தாலோ, எண்ணெய் படிந்திருந்தாலோ தயங்காமல் மாற்றிவிட வேண்டும். கிழிந்த வடிகட்டியின் வழியே செல்லும் மணல் துகள், சிலிண்டர் சுவரையும் பிஸ்டன் ரிங்கையும் அரத்தைப் போல் தேய்த்துவிடும்.

இரண்டாவது என்ஜின் ஆயில். ஆயில் மாற்றும்போது ஆயில் ஃபில்டரையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய ஃபில்டரில் தங்கிய அழுக்கு, புதிய ஆயிலை முதல் நாளே கெடுத்துவிடும். ஆயில் பார்க்கும் கம்பியை வாரம் ஒரு முறையேனும் உருவிப் பார்ப்பது நல்லது. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைத்துச் சில நிமிடங்கள் கழித்துப் பார்க்க வேண்டும். டீசல் என்ஜினின் ஆயில் விரைவில் கறுப்பது இயல்பே; அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அது பால் கலந்த தேநீரின் நிறத்துக்கு மாறினால், தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள். வண்டியை மேற்கொண்டு ஓட்டாமல் மெக்கானிக்கை அழைக்க வேண்டும். ஆயிலின் மட்டம் தானாக உயர்ந்திருந்தாலும் அவ்வாறே; டீசலோ தண்ணீரோ உள்ளே இறங்கியிருக்கக் கூடும். வண்டி குறைவாக ஓடினாலும், கையேடு கூறும் கால வரம்பு முடிந்ததும் ஆயிலை மாற்றிவிட வேண்டும். ஆயில் ஓட்டத்தால் மட்டுமன்றிக் காலத்தாலும் கெடுகிறது.

மூன்றாவது டீசல் ஃபில்டர். பல வண்டிகளில் இதன் அடியில் தண்ணீரைப் பிரித்துச் சேர்க்கும் கிண்ணமும், அதை வடிக்கும் திருகும் உண்டு. மழைக்காலத்தில் அதை அடிக்கடி வடித்துவிட வேண்டும். டீசல் பம்பும் இன்ஜெக்டரும் மிக நுண்ணிய இடைவெளிகளோடு கடையப்பட்ட பாகங்கள். சிறிதளவு தண்ணீரும் அவற்றுக்குத் துருவைத் தரும். ஃபில்டரை மாற்றிய பின் கைப்பம்பை அழுத்திக் குழாயிலுள்ள காற்றை வெளியேற்றிய பிறகே வண்டியைக் கிளப்ப வேண்டும். காற்றை நீக்காமல் ஸ்டார்ட்டரை நீண்ட நேரம் சுழற்றினால் பேட்டரியும் ஸ்டார்ட்டர் மோட்டாரும் வீணாகும்.

‘டியூனிங்’ என்பது யாது?

பெட்ரோல் வண்டிக்கு டியூனிங் என்றால் ஸ்பார்க் பிளக், கார்புரேட்டர் என்ற நினைவு இன்னும் பலரிடம் இருக்கிறது. டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அழுத்தத்தால் சூடேறிய காற்றில் டீசல் பீய்ச்சப்படும்போது அது தானே பற்றிக்கொள்கிறது. எனவே டீசல் வண்டியின் டியூனிங் என்பது, மூன்று வடிகட்டிகளின் நிலை, வால்வு இடைவெளி, இன்ஜெக்டர் பீய்ச்சும் தன்மை, ஐடில் வேகம், பெல்ட் இறுக்கம், குழாய்க் கசிவுகள் ஆகியவற்றை ஒழுங்குபடுத்துவதே ஆகும்.

வால்வு இடைவெளியை மெக்கானிக்குகள் ‘டேப்பெட்’ என்பர். இது கூடினால் தலைப்பகுதியில் ‘டக் டக்’ என்ற ஒலி கேட்கும். ஆதலால் உரிமையாளரின் கவனத்துக்கு உடனே வந்துவிடும். குறைந்தால் ஒலி இராது. ஆனால் வால்வு சரியாக மூடாமல் எரிந்துபோகும். ஒலியற்ற இக்குறையே அதிகச் செலவு வைப்பது. சில என்ஜின்களில் இந்த இடைவெளி தானாகவே சரிசெய்துகொள்ளும் அமைப்பு உண்டு. எனவே நம் வண்டி எவ்வகையைச் சேர்ந்தது என்பதைக் கையேட்டில் பார்த்து, அதில் கண்ட அளவின்படி செய்விப்பது நலம்.

டீசல் பம்பின் முத்திரையை உடைத்து ‘இழுவை கூட்டித் தருகிறேன்’ என்று கூறுவோரிடம் எச்சரிக்கை தேவை. டீசலைக் கூட்டினால் சில நாள் இழுவை கூடியது போலத் தோன்றும். பின்னர்ப் புகையும் சூடும் எரிபொருள் செலவும் கூடும். இன்ஜெக்டரைச் சோதனைக் கருவியில் பொருத்திப் பார்க்கும் முறையான பட்டறையில் மட்டுமே இவ்வேலையை ஒப்படைக்க வேண்டும்.

என்ஜின் தன் நோயைப் புகையின் நிறத்தால் தெரிவிக்கிறது. கரும்புகை என்றால் காற்று குறைவு அல்லது டீசல் மிகுதி. நீலப்புகை என்றால் என்ஜின் ஆயில் எரிகிறது. ரிங், வால்வு சீல் முதலியவை தேய்ந்திருக்கலாம். குளிர்காலக் காலையில் சிறிது வெண்புகை வந்து மறைவது இயல்பு. சூடேறிய பின்னும் வெண்புகை நிற்காமல் வந்தால் டீசல் எரியாமல் போகிறது, அல்லது கூலன்ட் உள்ளே கசிகிறது என்று கொள்ள வேண்டும்.

சூடு என்னும் எதிரி

பழைய என்ஜின்களின் வாழ்வை முடித்துவைப்பதில் முன்னிற்பது அளவு மீறிய சூடு. கூலன்டுக்குப் பதிலாகக் கிணற்று நீரையோ குழாய் நீரையோ தொடர்ந்து ஊற்றுவதால், ரேடியேட்டரின் நுண்குழாய்களில் உப்புப் படிந்து அடைப்பு ஏற்படுகிறது. உற்பத்தியாளர் சொன்ன விகிதத்தில் கூலன்ட் கலந்து நிரப்பினால் துருவும் தடுக்கப்படும், கொதிநிலையும் உயரும். இமாசலம், காஷ்மீர் போன்ற பகுதிகளில் அதுவே உறைபனியிலிருந்தும் காக்கிறது. ரேடியேட்டரின் முகப்பில் அடைத்த பூச்சி, வைக்கோல், சேறு ஆகியவற்றை மென்மையாக அகற்றுதல், ஃபேன் பெல்ட்டில் வெடிப்பு உள்ளதா எனப் பார்த்தல், ரப்பர் குழாய்களைக் கையால் அழுத்திச் சோதித்தல் ஆகிய மூன்றும் ஐந்து நிமிட வேலை. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியை ஒருபோதும் திறக்கக் கூடாது. அழுத்தத்தில் உள்ள கொதிநீர் முகத்தில் பீறிடும்.

சூட்டுமானியின் முள் மேலேறியதும் வண்டியை நிறுத்துபவர் ஒரு நாள் வாடகையை மட்டுமே இழக்கிறார். ‘சந்தைக்கு இன்னும் நான்கு கிலோமீட்டர்தானே’ என்று ஓட்டுபவர் சிலிண்டர் ஹெட்டையே இழக்க நேரிடும்.

நிற்க வேண்டிய இடத்தில் நிற்க

பிரேக், டயர், ஸ்டியரிங் மூன்றும் வருமானத்தைச் சார்ந்தவை அல்ல, உயிரைச் சார்ந்தவை. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஈரம் சேர்ந்தால் மலைச்சரிவில் பிரேக் சூடாகும்போது ஆயில் கொதித்து, மிதிக்கும் பெடல் தரை வரை இறங்கிவிடும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை அதை மாற்றிவிடுவது பாதுகாப்பு. பின் சக்கர டிரம்மைக் கழற்றித் தூசியை நீக்கி, லைனிங்கின் தடிமனையும், வீல் சிலிண்டரில் கசிவையும் பார்க்க வேண்டும். அந்தத் தூசியை வாயால் ஊதுவது நுரையீரலுக்குத் தீங்கு, ஈரத்துணியால் துடைக்கலாம்.

டயரின் காற்றை வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் அளக்க வேண்டும். சுமையேற்றும் நாளில் பின் சக்கரங்களுக்கு வேண்டிய அழுத்தம், கதவோரத் தகட்டிலோ கையேட்டிலோ குறிக்கப்பட்டிருக்கும். டயர் பள்ளங்களுக்கு இடையே உள்ள தேய்மானக் குறி மேற்பரப்போடு சமமாகிவிட்டால் அந்த டயரின் காலம் முடிந்தது. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் வீல் அலைன்மென்ட்டைப் பார்க்க வேண்டும். நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இரு ஓரங்களும் தேய்ந்தால் காற்று குறைவு.

வண்டிக்கு அடியில் கிரீஸ் ஏற்றும் முனைகள் பல உண்டு. புரொப்பெல்லர் ஷாஃப்ட் கிராஸ், ஸ்பிரிங் ஷேக்கிள், கிங் பின் ஆகியவற்றில் பழைய கிரீஸ் வெளியேறிப் புதியது எட்டிப்பார்க்கும் வரை ஏற்ற வேண்டும். கியர் பாக்ஸ், பின் அச்சு ஆகியவற்றின் எண்ணெயைப் பலர் மறந்தே விடுகின்றனர். ஸ்பிரிங் பட்டைகளில் முறிவோ விரிசலோ உண்டா என்றும் பார்க்க வேண்டும். முறிந்த பட்டைகளில் பலவற்றுக்குக் காரணம் அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றிய பாரமே. எவ்வளவு பராமரிப்பும் அதிகப்பாரத்தை ஈடுசெய்யாது.

தூய்மை ஒரு முதலீடு

வண்டியைக் கழுவுவதை அழகுக்காகச் செய்வதாகப் பலர் எண்ணுகின்றனர். சரக்கு வண்டிக்கு அது இரும்பைக் காக்கும் வேலை. மீன் ஏற்றிய வண்டியின் உப்புநீர், உரமூட்டையிலிருந்து சிந்திய தூள், சிமென்ட், சாணம், அழுகிய காய்கறி ஆகிய அனைத்தும் ஈரத்தோடு சேர்ந்து தகட்டை அரிக்கும். இவற்றை ஏற்றிய அன்றே தொட்டியைக் கழுவிவிட வேண்டும். தரையில் விரித்த ரப்பர் பாயைத் தூக்கி அதன் அடியிலும் கழுவி, நீர் வடியும் துளைகளைக் குச்சியால் குத்தித் திறந்து, வெயிலில் உலர விட வேண்டும். கொங்கண், கேரளம், ஒடிசா போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று காரணமாக அடிப்பகுதியை மேலும் அடிக்கடி கழுவுதல் தேவை.

மேல்பகுதியைக் கழுவிவிட்டு அடிப்பகுதியை விட்டுவிடுவது பரவலான வழக்கம். சேறு தங்கும் இடங்களோ சக்கர வளைவுகளும், சேசிஸ் நீளச்சட்டத்தின் உட்புறமும், ஸ்பிரிங் தாங்கிகளுமே. அங்கே துரு கண்டால் கம்பித் தூரிகையால் தேய்த்து, ரெட் ஆக்சைடு பூசி, பின் வண்ணம் பூச வேண்டும். சேசிஸ் எண் பொறித்த இடத்தைத் துரு தின்றுவிடாமல் காப்பது மிக முக்கியம். அந்த எண் படிக்க முடியாமல் போனால் தகுதிச் சான்றின்போதும், விற்பனையின்போதும், காப்பீட்டுக் கோரிக்கையின்போதும் வீண் இடர்கள் எழும்.

என்ஜின் அறையைக் கழுவும்போது நிதானம் வேண்டும். சூடான என்ஜின் மேல் குளிர்நீரைப் பாய்ச்சினால் வார்ப்பிரும்பு விரிசல் விடக் கூடும். ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், ஃபியூஸ் பெட்டி, கட்டுப்பாட்டுக் கணினி, ஏர் ஃபில்டர் வாய் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் உறையால் மூடிய பிறகே தொடங்க வேண்டும். அதிவேக நீரைத் தவிர்க்க வேண்டும். தூய என்ஜினில் ஒரு துளிக் கசிவும் உடனே கண்ணில் படும். அழுக்கு அப்பிய என்ஜினில் ஒரு லிட்டர் கசிந்தாலும் தெரியாது. கழுவுவதன் பெரும்பயன் இதுவே.

பேட்டரி முனைகளில் பூக்கும் வெண்பச்சை உப்பை வெந்நீரால் நீக்கி, இறுக்கிப் பூட்டி, பெட்ரோலியம் ஜெல்லி தடவலாம். நீர் ஊற்றும் வகைப் பேட்டரிக்குக் காய்ச்சி வடித்த நீரை மட்டுமே பயன்படுத்த வேண்டும். தானியக் கிடங்கருகே நிறுத்தும் வண்டிகளில் எலி கடித்த ஒயர்களைத் தேடிப் பார்க்க வேண்டும். எரிந்த ஃபியூஸுக்குப் பதில் கம்பியைச் சுற்றிவைப்பது தீயை அழைப்பதற்கு ஒப்பாகும். இறுதியாக, ஓட்டுநரின் காலடியில் உருளும் தண்ணீர்ப் புட்டியை அகற்ற வேண்டும். அது பிரேக் பெடலின் அடியில் சிக்க ஒரு நொடி போதும்.

ஆவணங்களும் பராமரிப்பே

எட்டு ஆண்டு வரையுள்ள சரக்கு வண்டிக்குத் தகுதிச் சான்று இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையும், அதைக் கடந்த வண்டிக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். செல்லத்தக்க தகுதிச் சான்று இல்லாத சரக்கு வண்டி, 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 56ஆம் பிரிவின்படி முறையாகப் பதிவு செய்யப்பட்டதாகக் கருதப்படாது. மாசுக் கட்டுப்பாட்டுச் சான்று பாரத் ஸ்டேஜ் 4 மற்றும் அதற்குப் பிந்தைய வண்டிகளுக்கு ஓராண்டும், முந்தையவற்றுக்கு ஆறு மாதமும் செல்லும். மேலே கூறியபடி பராமரித்த வண்டிக்கு இச்சான்றுகள் வெறும் சடங்காகும். பராமரிக்காத வண்டிக்கு அவை ஆண்டுதோறும் வரும் நெருக்கடியாகும்.

‘காப்பீடு இருக்கிறதே’ என்ற நம்பிக்கையிலும் தெளிவு தேவை. விபத்தால் நேரும் சேதத்துக்கே காப்பீடு. தேய்மானத்துக்கும் இயந்திரக் கோளாறுக்கும் அது பொருந்தாது. பொதுவான பாலிசியில், மாற்றப்படும் உலோகப் பாகங்களின் விலையில் ஐந்து முதல் பத்து ஆண்டு வண்டிக்கு 40 விழுக்காடும், பத்து ஆண்டைக் கடந்ததற்கு 50 விழுக்காடும் தேய்மானமாகக் கழிக்கப்படும். டயர், ரப்பர், பிளாஸ்டிக், பேட்டரி ஆகியவற்றுக்கு வயது எதுவாயினும் 50 விழுக்காடு கழிவு. பழைய வண்டியின் பொறுப்பில் பெரும்பகுதி உரிமையாளரிடமே இருக்கிறது என்பதை இது உணர்த்தும்.

கடன் முடிந்தோர் வங்கியிடமிருந்து தடையின்மைச் சான்றும் படிவம் 35ம் பெற்று, பதிவுச் சான்றிலும் காப்பீட்டுப் பத்திரத்திலும் வங்கியின் பெயரை நீக்கிக்கொள்ள வேண்டும். இதனைத் தள்ளிப்போட்டால், வண்டியை விற்கும் நாளில் அலைச்சல் மிகும்.

மாதக் கணக்கு

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். மாதம் 2,500 கிலோமீட்டர் ஓடும் பிக்கப் ஒன்று, அடைபட்ட ஃபில்டரும் காற்றுக் குறைந்த டயருமாக லிட்டருக்கு 12 கிலோமீட்டர் தருவதாகக் கொள்வோம். டீசல் தேவை ஏறத்தாழ 208 லிட்டர். பராமரிப்பால் அது 13 கிலோமீட்டராக உயர்ந்தால் தேவை 192 லிட்டர். மாதம் 16 லிட்டர் மிச்சம். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தால் 1,440 ரூபாய். ஆண்டுக்கு 17,000 ரூபாய்க்கு மேல்.

இத்தொகையைத் தனியே எடுத்து, மாதம் 1,500 ரூபாய் வீதம் ஒரு தொடர் வைப்புக் கணக்கில் செலுத்தி வந்தால், ஆண்டு முடிவில் 18,000 ரூபாயும் வட்டியும் கையில் இருக்கும். தகுதிச் சான்றுக்கு முந்தைய வேலைகளுக்கோ, ஒரு இணை டயருக்கோ, பேட்டரிக்கோ கைமாற்று வாங்க வேண்டிய நிலை வராது. வணிகவியலில் இதனைத் தேய்மான நிதி என்பர். பெரிய நிறுவனங்கள் தம் இயந்திரங்களுக்குச் செய்யும் அதே ஏற்பாட்டை ஒற்றை வண்டி உரிமையாளரும் செய்யலாம், செய்ய வேண்டும்.

கடன் நிலுவையில் இருக்கும் வாடிக்கையாளருக்கு இது இன்னும் இன்றியமையாதது. வண்டி நின்றால் வாடகை நிற்கும். வாடகை நின்றால் தவணை நிற்கும். தவணை 90 நாள்களுக்கு மேல் நிலுவையானால் கணக்கு வாராக்கடனாக வகைப்படுத்தப்படும். அதன் பின் அடுத்த வண்டிக்குக் கடன் பெறுவது கடினம். பெரும்பழுது ஏற்பட்டு வண்டி நின்றுவிட்டால், தவணை தவறும் முன்பே கிளைக்கு வந்து பேசுமாறு கேட்டுக்கொள்கிறோம். நிலுவைக்கு முன் கூறப்படும் செய்திக்கு வழி காண்பது, நிலுவைக்குப் பின் கூறப்படும் காரணத்துக்கு வழி காண்பதைவிட எளிது.

நினைவில் கொள்ள ஓர் அட்டவணை

நாள்தோறும்: ஆயில் மற்றும் கூலன்ட் கசிவு, டயர், விளக்குகள், பிரேக் பெடல்.

வாரந்தோறும்: ஆயில் மட்டம், கூலன்ட், பிரேக் ஆயில், டயர் காற்று, அடிப்பகுதிக் கழுவல்.

மாதந்தோறும்: ஏர் ஃபில்டர், பெல்ட், பேட்டரி முனைகள், டீசல் ஃபில்டரில் நீர் வடித்தல், கிரீஸ்.

கையேட்டில் கண்ட கிலோமீட்டர் அல்லது கால அளவில்: ஆயிலும் ஃபில்டர்களும், வால்வு இடைவெளி, பிரேக் லைனிங், கியர் மற்றும் பின் அச்சு எண்ணெய், வீல் பேரிங் கிரீஸ்.

ஆண்டுதோறும், மழைக்கு முன்: வைப்பர், ஒயர்கள், துரு நீக்கி வண்ணம் பூசுதல், ஒளிரும் பட்டைகள்.

செய்த வேலை, தேதி, ஓடிய கிலோமீட்டர், செலவு ஆகிய நான்கையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவருக. ரசீதுகளை அதிலேயே செருகிவைக்கலாம். கணக்கு எழுதும் வணிகருக்கு அவை செலவுக்குச் சான்று. வண்டியை விற்கும்போது வாங்குபவருக்கு நம்பிக்கை. அடுத்த கடனுக்காகக் கிளைக்கு வரும்போது, வண்டியைப் பேணத் தெரிந்தவர் என்பதை எங்களுக்கு எடுத்துரைக்கும் ஆவணமும் அதுவே. இந்த ஞாயிற்றுக்கிழமை ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்து பார்ப்பதிலிருந்து அந்தக் குறிப்பேட்டின் முதல் வரியைத் தொடங்கலாம்.